சிலை விளையாட்டு

ஜூன் 9

தங்கச்சிக்கு,

நான் போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். பத்து மாதமாக அடித்து அடித்துப் பார்த்து என் விரலுக்கே அலுத்துவிட்டது. போனை ஒரு தட்டுத் தட்டித் துண்டித்துவிடலாம். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது ஒரு முறை கையில் எடுத்தாக வேண்டும். அந்த நப்பாசையில்தான் பேனாவைப் பிடித்தேன். கையெழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. காய்ச்சல் அட்டையைத் தவிர வேறு எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது.

நான் இப்போது நம் ஊரில் இல்லை. ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளி இருக்கிற பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். குழந்தைகளையும் வளரும் வயதுப் பிள்ளைகளையும் எப்படி ஆழ்ந்து பரிசோதிப்பது என்று, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற படிப்பு. காலையில் வார்டு, மதியம் வகுப்பு. பயிற்சியின் முழுப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் அடங்காமல் பாதியில் நின்றுவிட்டது. இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ்காரர். மதியச் சாப்பாடு ஆனதும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை அவருக்குக் கைவந்திருக்கிறது.

பாடம் நடத்துகிற டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். எங்களுக்குள் அவருக்கு நிமிஷ டாக்டர் என்று பெயர். குழந்தையின் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி எங்களை நிற்க வைத்து, வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம். யாரும் தொடக் கூடாது, பேசக் கூடாது. பாருங்க," என்பார். முதல் வாரம் முழுவதும் இதுதான் பாடம். மார்பு எப்படி ஏறி இறங்குகிறது, கண் யாரைத் தேடுகிறது, கை எதைப் பிடித்திருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு நிமிஷம் இத்தனை நீளம் என்று தெரியாமலே இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

எதற்காக இந்த வயதில் இங்கே வந்தேன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் என்னை அனுப்பவில்லை. நானே பெரிய நர்ஸம்மாவிடம் போய் நின்று கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வண்டு எப்படி இருக்கிறாள்? ஒரே ஒரு வரி எழுதிப் போடு. மேல்விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

அக்கா


ஜூன் 24

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தை நலமாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள்.

உங்கள் வீட்டுச் செடிகளுக்கு என் வீட்டுக்காரர் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றுகிறார் என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. டிப்போவில் வேறொரு டிரைவர் லீவு, அவருடைய பஸ்ஸையும் சேர்த்து ஓட்டுகிறேன் என்று என்னிடம் கதை விட்டிருக்கிறார். துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் உங்கள் வீட்டுச் சாவி இருந்தது. பேச வேண்டியதை அவரிடம் பேசிவிட்டேன். செடிகள் என்ன பாவம் செய்தன. அவர் ஊற்றிக்கொள்ளட்டும்.

இனிமேல் நீங்கள் கடிதம் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
குழந்தையின் அம்மா


ஜூலை 5

தங்கச்சிக்கு,

கண்ணாடிக் கடை பில் தாளைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறாய். 'வணக்கம்', 'நீங்கள்', 'இப்படிக்கு'. மூக்குக்கண்ணாடிக்குப் புது லென்ஸ் போட வந்த ஆளுக்குக்கூட நீ இத்தனை மரியாதையாக எழுத மாட்டாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் ஒரு வரி கேட்டவளுக்குப் பத்து வரி வந்திருக்கிறதே என்று அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையைக் கோபிக்காதே. சாவியை நான்தான் அவர் கையில் திணித்தேன். "அவளுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா," என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார். தோல் மிச்சம் இருக்கிறதா?

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் பிரிக்காமல் ஒரு மூலையில் போட்டு வை.

என் அறை நான்காவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்தின் பின்பக்கம். கட்டில் விரிப்புகளை வரிசையாகக் காயப் போடுகிறார்கள். எல்லாம் சின்னச் சின்ன விரிப்புகள், ஓரத்தில் வாத்துப் படம். காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை எண்ணுகிறேன். இதில் ஏதாவது ஒன்று வண்டு உயரத்துக்குச் சரியாக இருக்குமா என்று பார்க்கிறேன். இப்போது அவள் என்ன உயரம் என்று எனக்குத் தெரியாது.

இந்த வாரம் பெரிய பிள்ளைகள் வார்டு. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. வயிற்றுவலி என்று மூன்றாவது தடவையாகச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாப் பரிசோதனையும் சுத்தம். நிமிஷ டாக்டர் அவள் அம்மாவை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, என்னைத் தனியாக உள்ளே அனுப்பினார். கட்டிலைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார வேண்டும். வலியைப் பற்றி முதலில் கேட்கக் கூடாது. வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, தூக்கம் வருகிறதா, யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாய் என்று படிப்படியாகப் போக வேண்டும். நான்காவது கேள்வியில் அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதையெல்லாம் யாருமே என்கிட்ட கேக்கல," என்றாள். பிறகு சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன், அது அவளுடையது. ஆனால் வயிற்றுவலிக்கு மருந்து வயிற்றில் இல்லை.

அறைக்கு வந்ததும் உன் வீடுதான் ஞாபகம் வந்தது. உன் சமையலறை ஜன்னலோரம் அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, நீ கடையில் வந்த கிறுக்கு வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்ட, வண்டு என் முதுகில் ஏறி என் பின்னலை அவிழ்க்க, எனக்கு டீ ஆறிப்போக வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உங்களைப் பார்க்காமல் இருப்பது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 22

வணக்கம்.

பிரிக்காமல் போடலாம் என்றுதான் இருந்தேன். அவர் பிரித்து மேஜை மேல் வைத்துவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டார்.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். 'நலம்' என்று எழுதினேன். முழுசாகவே தெரிந்துகொள்ளுங்கள். வலது காதில் ஒன்றுமே கேட்பதில்லை. இடது காதில் மெஷின் போட்டால் கேட்கிறது. இரண்டு மாதமாக அந்த மெஷின் விசில் அடிக்கிறது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களாம். அதனால் அதைக் கழற்றி ஷூவுக்குள் ஒளித்துவைக்கிறாள். போன வாரம் ஷூவை வெயிலில் காயப் போட்டபோதுதான் கண்டுபிடித்தேன். நாள் முழுக்க ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்ததால்தானே வண்டு என்று பெயர் வைத்தீர்கள். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது.

எங்கள் ஊர்க் காது டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்டோபர் 14, காலை பத்தரை மணி. நீங்கள் இருக்கிற அதே ஆஸ்பத்திரிதான். முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு இடத்துக்கு எழுதிக் கேட்டிருப்பேன். இப்போது மாற்ற முடியாது.

அன்றைக்கு நீங்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஐசியூ வாசலில் வைத்து உங்களிடம் ஒன்று சொன்னேன், "இனி என் பொண்ணை நீ தொடக் கூடாது" என்று. அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அவள் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை.

குழந்தையின் அம்மா


ஆகஸ்ட் 3

தங்கச்சிக்கு,

வர மாட்டேன். நீ சொன்னால் சொன்னதுதான்.

விசில் வருவது மெஷினின் கோளாறு இல்லை. காதுக்குள் பொருத்துகிற அச்சு தளர்ந்துபோனால் அப்படிச் சத்தம் வரும். காது பெரிதாகியிருக்கிறது, அச்சு பழைய அளவிலேயே இருக்கிறது. அக்டோபர் வரை காத்திருக்காதே. உங்கள் ஊர்க் காது டாக்டரிடமே புது அச்சு எடுத்துத் தரச் சொல். இதை எழுதிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. வண்டு வளர்ந்திருக்கிறாள். அவள் வளர்ந்ததை நான் இப்படித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது நான் கேட்கப் போவது உனக்குக் கோபம் வரக்கூடியது. வேறு வழி இல்லாமல்தான் கேட்கிறேன்.

நாங்கள் ஒவ்வொருவரும் தவறாகக் கணித்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர், பேர் எதுவும் வேண்டாம், நடந்தது மட்டும். ஆம்புலன்ஸ்காரர் ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டார். நான் ஆறு நாள் எடுத்துக்கொண்டேன். வண்டுவைப் பற்றித்தான் எழுதினேன். காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, என்ன பார்த்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன்.

நிமிஷ டாக்டர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஓர் இடத்தில் சிவப்பு வட்டம். 'தாய் பதற்றமாக இருந்தார்' என்று நான் எழுதியிருந்த இடம். "பதற்றம்ங்கறது நீங்க நினைச்சது. அந்த அம்மா என்ன சொன்னாங்க? அவங்க வாயிலேருந்து வந்த வார்த்தை எங்க?" என்று கேட்டார்.

நாலு நாளாக யோசிக்கிறேன். உன் முகம் தெரிகிறது. சிவப்புச் சால்வையைத் தோளில் இறுக்கிக்கொண்டு நின்றது தெரிகிறது. நீ ஏதோ சொல்கிறாய், வாய் அசைகிறது. என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவில்லை.

அன்று நீ என்னிடம் என்ன சொன்னாய்?

அக்கா


ஆகஸ்ட் 10

அக்கா,

உனக்கு நினைவில்லையா? எப்படி உனக்கு இதைக் கேட்க வாய் வந்தது? வர்ற பதினாலாம் தேதியோடு ஒரு வருஷம். ஒரு வருஷமாக நான் பல் தேய்க்கும்போதும், கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அந்த வார்த்தைகளைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாமா, உன் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்கலாமா என்று. உனக்கு அது காற்றோடு போயிருக்கிறது.

சொல்கிறேன். எழுதிக்கொள்.

காலை எட்டு இருபது. நீ வேலைக்குப் போகிற வழியில் யூனிபார்மோடு வந்தாய். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்க என் வண்டு?" என்றாய். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து காய்ச்சல், இரண்டு தடவை வாந்தி. சோபாவில் சாய்ந்து கிடந்தாள். நீ ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, "சிலை!" என்றாய்.

அவளுக்கு இரண்டு வயதில் நீதான் அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாய். நீ மார்பில் குழாயை வைத்துப் பத்து எண்ணுகிற வரைக்கும் நெளியாமல் இருந்தால் கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆறு, ஏழு எண்ணும்போதே மூக்கு நுனி துடிக்கும், எட்டில் சிரித்துவிடுவாள். தோற்றாலும் நீ ஒட்டிவிடுவாய்.

அன்று நீ பத்து எண்ணினாய். அவள் அசையவில்லை.

நான் சொன்னேன், "அக்கா, அவ விளையாடலக்கா. காலைலேருந்தே இப்படித்தான் கிடக்கறா." நீ திரும்பவே இல்லை. "எப்படி இருக்கா பாரு என் தங்கச் சிலை, இன்னைக்குதான் ஜெயிச்சிருக்கா," என்று சொல்லி அவள் புறங்கையில் நட்சத்திரத்தை ஒட்டினாய்.

இரண்டாவதாகச் சொன்னேன், "தலை கொதிக்குது, ஆனா கையும் காலும் ஜில்லுனு இருக்குக்கா." "காய்ச்சல் ஏறும்போது அப்படித்தான் இருக்கும்," என்றாய்.

மூன்றாவதாக, நீ செருப்பை மாட்டும்போது வாசலில் வைத்துச் சொன்னேன், "இது எப்பவும் வர்ற காய்ச்சல் இல்லக்கா. எனக்குத் தெரியுது." நீ சிரித்தாய். "வார்டுல இதே மாதிரி இருபது புள்ளைங்க படுத்திருக்கு. ஊருக்கு முன்னாடி நீ பயந்து சாகாதே. தண்ணி குடுத்துட்டே இரு, சாயங்காலம் வந்து பாக்கறேன்," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாய்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் கிருமி என்றார்கள். அதுதான் அவள் காதைக் கொண்டுபோனது. ஊசிக் குழாய் போடுவதற்குக் கையைத் தேடிய நர்ஸ், அந்த நட்சத்திரத்தைப் பிய்க்க முடியாமல் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அதில்தான் கொஞ்ச நேரம் போனது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று உன் தாளில் எழுத இடம் இருக்கிறதா என்று கேள்.

சிவப்புச் சால்வை மட்டும் நினைவிருக்கிறதாம்.


ஆகஸ்ட் 18

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

நட்சத்திரத்தைப் பிய்த்த கதை எனக்கு இதுவரை தெரியாது. நல்லவேளை தெரியாமல் இருந்தது என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

நீ முதல் தடவை சொன்னபோது ஸ்டெதஸ்கோப் என் காதில் இருந்தது. குழந்தையின் மார்பைக் கேட்டுக்கொண்டு உன்னைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அது முதல் தடவைக்கு மட்டும்தான் சாக்கு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் என் காது சும்மாதான் இருந்தது. நீ என் சின்னத் தங்கச்சி, பல்லி விழுந்தால்கூடப் பயப்படுகிறவள், எனக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். வேறு யாரோ ஓர் அம்மாவாக இருந்திருந்தால் ஒருவேளை காதில் வாங்கியிருப்பேன். வண்டுவையும் அவள் நன்றாக இருந்த நாட்களில் மட்டும் பார்த்துப் பழகியவள் நான். அசையாமல் இருந்தால் எனக்காக இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்திருக்கிறேன், இந்தத் தாளின் மேலேயே பார்க்கலாம். கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

'தாய் பதற்றமாக இருந்தார்' என்பதை அடித்துவிட்டு, உன்னுடைய மூன்று வாக்கியங்களையும் நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். நிமிஷ டாக்டர் இரண்டு தடவை படித்தார். "முதல் வாக்கியமே போதும். இதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும்?" என்றார். வகுப்பில் வாசிக்கலாமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "உங்ககிட்ட கேக்கல. உங்க தங்கச்சிகிட்ட கேட்டுட்டு வாங்க," என்றார்.

கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

வாசிக்கட்டும். இன்னும் எத்தனை பேர் வீட்டில் எத்தனை அம்மாக்கள் சால்வையை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்களோ.

புது அச்சு எடுத்துப் பொருத்தியாகிவிட்டது. விசில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிரஷர் குக்கர் பக்கத்தில் போய் நின்று, அது சத்தம் போட்டதும், "இது நான் இல்ல," என்றாள். நானும் அவரும் சிரித்துவிட்டோம். அதற்கு முன்பு எப்போது சிரித்தேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவரிடமும் சொல்லவில்லை.

நீ போன பிறகு மூன்று மணி வரைக்கும் நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ போட்டுக் குடித்தேன். துணி மடித்தேன். கடைக்குப் போன் செய்து, "அக்கா பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லையாம்," என்று சொன்னேன். எனக்குத் தெரிந்திருந்தது அக்கா. உன்னிடம் மூன்று தடவை சொன்னவள் நான். நீ ஒன்றும் இல்லை என்றதும், அதைப் பிடித்துக்கொண்டேன். அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஆறரை மணி நேரம் உன் வார்த்தையை நம்பிக்கொண்டு, என் கண்ணை நம்பாமல் இருந்தேன். கடையில் கால் மில்லிமீட்டர் கோணல் இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறவள்.

முன்னாடியே வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா, தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம்," என்றார். தப்பியிருக்கும் என்று சொல்லியிருந்தால் முழுப் பழியையும் உன்மேல் போட்டிருப்பேன். தப்பாது என்று சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டும் இல்லாமல் போனது. உன்மேல் கோபமாக இருந்தால், என்மேல் கோபப்பட நேரம் இல்லாமல் இருந்தது.

இன்னொன்று. அவள் உன்னைக் கேட்பதில்லை என்று எழுதினேன். பொய். தினமும் கேட்டாள். "பெரியம்மா என்மேல கோவமா?" என்றாள். "பெரியம்மா ஊருக்குப் போயிருக்காங்க," என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் நீ நிஜமாகவே ஊருக்குப் போன பிறகுதான் அது உண்மையானது.

அக்டோபர் பதினாலைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை. எதிர்பார்க்காதே.

தங்கச்சி


செப்டம்பர் 25

என் தங்கச்சிக்கு,

'தங்கச்சி' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் கிண்டல் செய்வாய், சொல்ல மாட்டேன்.

டீ குடித்ததற்கும் துணி மடித்ததற்கும் நீ உன்னைத் தண்டித்துக்கொள்ளாதே. இருபது வருஷ நர்ஸ் யூனிபார்மோடு வந்து கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனால் எந்த அம்மாவும் துணி மடிக்கத்தான் செய்வாள். அதற்காகத்தானே நான் கன்னத்தைத் தட்டினேன். அந்த ஆறரை மணி நேரம் என் கணக்கு. அதை நீ எடுத்துக்கொள்ளாதே, தர மாட்டேன்.

உன் மூன்று வாக்கியங்களை நிமிஷ டாக்டர் வாசித்தபோது, யார் என்ன என்று சொல்லவில்லை. முடித்ததும் வாட்சைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் எங்களைச் சும்மா உட்கார வைத்தார். ஆம்புலன்ஸ்காரர் அன்று தூங்கவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய குறிப்பு அட்டையில் நாடி, மூச்சு, காய்ச்சலுக்கு மேலே பேனாவால் ஒரு கட்டம் போட்டு, 'அம்மா சொன்னது' என்று எழுதிக்கொள்கிறார். பாட்டுப் பாடுவது போல அம்மாக்களின் வார்த்தையை அப்படியே ஒப்பிக்கிறார். நாங்களும் அப்படியே செய்ய ஆரம்பித்துவிட்டோம்.

போன வாரம் எனக்குச் செய்முறைத் தேர்வு. இரண்டு டாக்டர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதக் குழந்தை, அம்மா மடியில். ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு குழந்தையைத் தொடாமல் அவளிடம், "இன்னைக்கு என்ன வித்தியாசமா இருக்கு?" என்று கேட்டேன். "சொன்னா சிரிப்பீங்க," என்றாள். சிரிக்க மாட்டேன் என்றேன். "தினம் காலைல ஃபேனைப் பாத்துக் கத்துவான். ரெண்டு நாளா ஃபேனைப் பாக்கறதே இல்ல. படுக்க வெச்சாலே அழறான்." அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதும்போது கேட்டது உன் குரலாக இருந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தேன். காதுக்குள் சீழ், வேறு ஒன்றும் இல்லை, மருந்தில் சரியாகிவிடும். நூற்றுக்கு எண்பத்தொன்று போட்டிருக்கிறார்கள். மிச்சம் பத்தொன்பது என் கையெழுத்துக்குப் போயிருக்கும்.

பதினாலாம் தேதி காதுப் பிரிவு தரைத்தளத்தில், மேற்கு வாசல் பக்கம். சீக்கிரம் வந்தால் நிழலில் பெஞ்ச் கிடைக்கும். பரிசோதனை அறையில் வண்டுவை நீ மடியில் வைத்துக்கொள்ளலாம், கேட்டு வாங்கிக்கொள். நான் அந்த நேரம் ஐந்தாவது மாடியில் இருப்பேன். கீழே வர மாட்டேன், ஜன்னலிலும் நிற்க மாட்டேன். ஒரே கட்டடத்துக்குள் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே எனக்கு அன்றைக்குப் போதும் என்று எழுத நினைத்தேன். போதாது. ஆனாலும் வர மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 8

அக்கா,

நீ ஜன்னலில்கூட நிற்க மாட்டாயாம். அழுத்தக்காரி.

நேற்றுச் சாயங்காலம் வண்டுவின் இடது பக்கம் உட்கார்ந்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம், பெரியம்மா அங்கதான் இருக்காங்க," என்று சொன்னேன். உடனே எழுந்து போனாள். தேடினால், பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, விறைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு ஒரு நொடி உயிரே போய்விட்டது. தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "அம்மா, கெடுக்காதே. சிலை பழகறேன். பெரியம்மாகிட்ட ஜெயிக்கணும்," என்றாள்.

இந்த ஒரு வருஷமும் அந்த விளையாட்டை நான் வீட்டில் நடக்க விடவில்லை. யாராவது 'சிலை' என்று சொன்னாலே எழுந்து போய்விடுவேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் மூக்கு நுனி துடித்தது. அதே துடிப்பு அக்கா. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் வந்து, தண்ணீர் ஊற்றுகிற விஷயம் எதுவும் இல்லையே என்று பயந்து பயந்து கேட்டார்.

பதினாலாம் தேதி பத்து மணிக்கு மேற்கு வாசல் பெஞ்சில் வந்து உட்கார். யூனிபார்ம் போட்டுக்கொண்டு வராதே, ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம். நட்சத்திரம் எடுத்துக்கொண்டு வா. இடது பக்கமாக நின்று பேசு, கத்த வேண்டாம்.

அவள் உன் முன்னால் சிலையாக நிற்பாள். பத்தோடு நிறுத்தாதே, எண்ணிக்கொண்டே இரு. அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காதே, எத்தனை நிமிஷமானாலும் சரி. நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஜெயித்தால் ஒட்டாதே. அவள் சிரித்துத் தோற்ற பிறகு ஒட்டு.

உன் தங்கச்சி